தெர்மாகோல் மீது லாரி ஓடுமா?

ஓடும்! கல்யாண மண்டபத்தில் மணமக்களின் பெயரை வெட்டி ஒட்டுகிறார்களே, அந்தத் தெர்மாகோலின் கெட்டியான கட்டிகளை மண்ணுக்குப் பதில் அடுக்கி, அதன் மேல் சாலை போடுகிறார்கள்.

எதற்காக? கோவை அவிநாசி ரோட்டில் 10 கிலோ மீட்டர் நீள மேம்பாலம் 2025 அக்டோபரில் திறக்கப்பட்டது. இத்தகைய பாலங்கள் தூண்கள் மீது நிற்கின்றன. ஆனால் எந்தப் பாலமும் இரு முனையிலும் தரைக்கு இறங்கித்தானே ஆக வேண்டும்? அந்தச் சரிவுக்கு மண் கொட்டுவது வழக்கம். அடியில் இருப்பது சேற்று நிலமானால், மண்ணின் பாரத்தால் அது அமுங்கும். தூண் அசையாது; சரிவு இறங்கும். இரண்டும் சேரும் இடத்தில் வண்டி தூக்கிப் போடும். பிள்ளையைப் பின்னால் உட்கார வைத்து ஸ்கூட்டரில் போகிறவர் கதி என்ன?

தார் போட்டு மட்டம் செய்தால் பாரம் கூடும். மறுபடியும் அமுங்கும்.

நார்வே நாட்டில் ஆஸ்லோ நகருக்கு அருகே, புளோம் என்ற இடத்தில் இதே தொல்லை. சதுப்பு நிலத்தில் போட்ட சாலை, பாலத்தை ஒட்டி ஆண்டுக்குச் சுமார் ஒரு சாண் இறங்கிக்கொண்டே இருந்தது. 1972-ல் ஒரு மீட்டர் ஆழத்துக்கு மண்ணை எடுத்துவிட்டு, இந்தக் கட்டிகளை வைத்தார்கள். தொல்லை தீர்ந்தது! ஒரு கன மீட்டர் மண் சுமார் 1,800 கிலோ. இதுவோ 20 கிலோதான். ஓர் ஆள் தூக்கி விடலாம்.

நம் ஊருக்கு ஆகுமா?

கெட்டியான செம்மண், சரளை நிலத்தில் இது வீண் செலவு. கரிசலுக்கும் மருந்தல்ல. கரிசல் மழையில் உப்பும், வெயிலில் வெடிக்கும். பாரத்தைக் குறைத்தால் உப்புவது நிற்குமா? நொய்யல் குளங்களின் ஓரத்தில், ஆழமான வண்டல் மீது பாலச் சரிவு கட்ட நேர்ந்தால், மண்ணைச் சோதித்துக் கணக்குப் பார்க்கலாம்.

அங்கேதான் வேறு ஆபத்து. 2017-ல் வைகை அணையில் மிதக்கவிட்ட தெர்மாகோலைக் காற்று கரைக்குத் தள்ளியதே, நினைவிருக்கிறதா? நாடே சிரித்தது. சாலைக்கு அடியில் வெள்ளம் புகுந்தால் சிரிக்க முடியாது. ஒரு கன மீட்டர் கட்டி மூழ்கினால், சுமார் 980 கிலோ பாரத்தையே மேலே தள்ளும்! அதை அமுக்கிப் பிடிக்க மேலே போதிய கனம் வேண்டும்.

பெட்ரோல் பட்டால் இது கரைந்து போகும். தீயும் பிடிக்கும். ஆகவே கான்கிரீட் பலகையால் மூடுகிறார்கள்.

விலையோ மண்ணைவிட அதிகம். கட்டியில் 100-க்கு 98 பங்கு காற்று. தொலைவிலுள்ள ஆலையிலிருந்து வாங்கினால், காற்றுக்கு லாரி வாடகை கொடுக்க வேண்டியதுதான்.