கொல்லையில் பந்தல் போடப் போறீங்களா? முதல்ல ஒரு குச்சி நடுங்க!

வெயில் தாங்காமல் கொல்லைப்புறத்தில் ஷேட் நெட் கட்டுகிறோம். மாலை 4 மணிக்குப் பார்த்தால், நிழல் பக்கத்து வீட்டுச் சுவரில் விழுகிறது. தாத்தா உட்காரும் நாற்காலியில் சுள்ளென்று வெயில்! நெட்டையாவது கழற்றி மாட்டலாம். நிழலுக்காக நட்ட மரம் தப்பான இடத்தில் வளர்ந்துவிட்டால்? செலவு செய்வதற்கு முன், சூரியன் போகும் பாதையைத் தெரிந்துகொள்வது நல்லது.

சூரியன் எந்தப் பக்கம்?

சூரியன் நேர் கிழக்கில் உதிப்பது மார்ச் 21, செப்டம்பர் 23-ஐ ஒட்டிய நாள்களில் மட்டும்தான். ஜூனில் வடகிழக்குப் பக்கமும், டிசம்பரில் தென்கிழக்குப் பக்கமும் நகர்ந்துவிடும்.

சென்னையில் ஏப்ரல் 24, ஆகஸ்ட் 18-ஐ ஒட்டி உச்சிவேளையில் சூரியன் நேர் தலைக்கு மேல் வரும். அதுதான் 'நிழலில்லா நாள்'. இந்த இரண்டு தேதிகளுக்கும் நடுவே, உச்சிவெயில் சற்றே வடக்கிலிருந்து அடிக்கும். 'தெற்குப் பக்கம் மரம் வைத்தால் கோடையில் நிழல்' என்று வெளிநாட்டு வீடியோக்களில் சொல்வது நம் ஊருக்குப் பொருந்தாதது இதனால்தான்.

சென்னையில் 10 அடிச் சுவர் ஒன்று இருந்தால், டிசம்பர் 21 உச்சிவேளையில் வடக்கே ஏழேகால் அடிக்கு மேல் நிழல் விழும். ஜூன் 21-ல் தெற்கே 2 அடிகூட விழாது. ஆகவே கோடை மதியத்துக்குச் சுவர் உதவாது; தலைக்கு மேல் பந்தல்தான் வேண்டும்.

குச்சி வைத்துக் கண்டுபிடிப்பது எப்படி?

1. நிழல் தேவைப்படும் இடத்தில் 3 அடிக் குச்சியை நேராக நடுங்கள்.

2. காலை 8 மணி முதல் மாலை 5 மணி வரை, மணிக்கு ஒரு முறை நிழலின் நுனியில் ஒரு கல் வையுங்கள். எந்த மணி என்று சாக்பீஸால் எழுதிவிடுங்கள்.

3. நிழல் மிகவும் குறுகியிருக்கும் நேரம்தான் உச்சிவேளை. அது 12 மணிக்கே வந்துவிடாது. மே மாதத்தில் சென்னையில் சுமார் 12.05, கோவையில் சுமார் 12.18.

4. எந்த நேரத்து வெயில் தொல்லையோ, அந்தக் கல்லிலிருந்து குச்சிக்கு ஒரு கோடு போட்டு, அப்படியே குச்சியைத் தாண்டி நீட்டுங்கள். அந்தப் பக்கம்தான் மறைப்பு வர வேண்டும்.

கோடையில் ஒரு நாள், மார்கழியில் ஒரு நாள் இதைச் செய்தால் வருடம் முழுவதற்கும் கணக்கு கிடைத்துவிடும்.

எங்கே, எதை வைக்கலாம்?

மேற்கு, வடமேற்கு: மே மாத மாலை வெயில் இங்கிருந்துதான் சாய்ந்து வரும். 6 அடி உயரக் கீற்றுத் தட்டி வைத்தால், 4 மணிக்குச் சுமார் 9 அடி நீளத்துக்கு நிழல் கிடைக்கும். மரத்துக்கும் இதுவே சரியான பக்கம்.

தலைக்கு மேல்: பீர்க்கன், புடலை, கோவைக்காய் என்று கொடிப் பந்தல் போடலாம். கீழே புதினா, கொத்தமல்லி வளரும். தக்காளி, கத்தரிக்கு வெயில் வேண்டும். அவற்றைப் பந்தலுக்கு வெளியே வையுங்கள்.

தென்கிழக்கு: இதை மறைக்காதீர்கள். மார்கழிக் காலை வெயில் வரும் வழி இதுதான். துணிக்கொடிக்கும் வடகத்துக்கும் அந்த வெயில் தேவை.

ஒரு குச்சி, பத்து கல், ஒரு சாக்பீஸ். விடுமுறை நாளில் பிள்ளைகளிடம் இந்த வேலையை ஒப்படைத்துவிடுங்கள். பந்தல்காரரை அதற்கப்புறம் கூப்பிடலாம்!