மீம் உங்களோடது, காசு யாரோடது?

ட்ரெண்டிங் பாட்டுல ஒரு ரீமிக்ஸ் போட்டு, வியூஸ் லட்சத்தத் தாண்டினதும் "வேலைய விட்டுட்டு முழுநேரமா இறங்கிடலாமா"னு யோசிக்கிறீங்களா? அவசரப்படாதீங்க. முதல்ல காசு எந்தப் பக்கம் ஓடுதுனு பாருங்க.

2011 நவம்பர்ல வந்த 'கொலவெறி' பாட்டு ஞாபகம் இருக்கும். தனுஷ் பாடி, அனிருத் இசையமைச்சது. சில வாரத்துலயே குழந்தை வெர்ஷன், பெண்கள் வெர்ஷன், அரசியல் கிண்டல்னு ஊரெல்லாம் ரீமிக்ஸ். ஒவ்வொண்ணும் ஒரிஜினல் பாட்டுக்கு இலவச விளம்பரம்.

யூடியூப்ல 'கன்டென்ட் ஐடி'னு ஒரு ஏற்பாடு இருக்கு. உங்க வீடியோவுல அடுத்தவர் பாட்டு இருந்தா அது கண்டுபிடிச்சிடும். உரிமையாளர் உங்க வீடியோவ பிளாக் பண்ணலாம். இல்லனா, ஓட விட்டு விளம்பர வருமானத்த அவரே எடுத்துக்கலாம்.

குலசேகரன்பட்டினம் தசராவ நினைச்சுப் பாருங்க. காளி, குரங்கு, போலீஸ்னு விதவிதமா வேஷம் கட்டி, ஊர் ஊரா காணிக்கை வாங்குவாங்க. கடைசியில அது முத்தாரம்மன் கோயில் உண்டியலுக்குப் போயிடும். ஆடினது நாம, காசு அம்மனுக்கு. அங்க அது நேர்ச்சை. தெரிஞ்சே, மனசாரக் கொடுக்கிறோம். ரீமிக்ஸ்ல மட்டும் காசு யாரோட உண்டியலுக்குப் போகுதுனு தெரியாமலே வேஷம் கட்டுறோம்.

இன்னொரு உதாரணம், 2019 மே மாசத்து நேசமணி. ஒரு சுத்தியல் போட்டோவுக்கு வந்த ஃபேஸ்புக் பதில், 2001-ல வந்த 'ஃப்ரெண்ட்ஸ்' படத்து வடிவேலு காமெடிய உலக ட்ரெண்ட் ஆக்குச்சு. அது எவ்வளவு பெரிசா ஓடினாலும், ஒரு கமென்ட்டுக்கு சம்பளம் கிடையாது.

அப்போ ரீமிக்ஸ் பண்ணவே கூடாதா? தாராளமா பண்ணுங்க, அது நம்ம கலாட்டா, நம்ம சந்தோஷம். ஆனா நாலு விஷயம் கவனிங்க:

1. வியூஸ நம்பி இஎம்ஐ-ல கேமரா, ஐபோன் வாங்காதீங்க. தொடர்ந்து 12 மாசம் பேங்க்ல வந்த தொகைதான் வருமானம்.

2. அடுத்தவர் கிளிப்ப வெட்டி ஒட்டினா மட்டும் போதாது. உங்க பங்கு இல்லாத சேனலுக்கு யூடியூப் விளம்பர வருமானம் தராது. உங்க குரல், உங்க கருத்து இருக்கணும்.

3. வர்ற வருமானத்துக்கு வரி உண்டு. அது தொழில் வருமானம்னா ஐடிஆர்-1 போட முடியாது. பிராண்ட் இலவசமா கொடுத்து நீங்க வச்சுக்கிற போனும் வருமானம்தான். ஒரு வருஷத்துல அதோட மதிப்பு 20,000 ரூபாயத் தாண்டினா 10% டிடிஎஸ் வரும்.

4. உங்க ஆஃபர் லெட்டர எடுத்துப் படிங்க. வெளி வருமானத்துக்கு அனுமதி வாங்கணும்னு பல கம்பெனி எழுதியிருக்கும்.

மீம் ஆயுசு ஒரு வாரம். உங்க பிஎஃப் ஆயுசு முப்பது வருஷம். வேஷம் கட்டுங்க, ஆடுங்க. சம்பளத்த மட்டும் உண்டியல்ல போட்டுடாதீங்க.