"எல்லாருக்கும்தான் கஷ்டம்": ஒரு பழைய ராக் பாட்டு பற்றி சின்ன த்ரெட்

1/ ஆர்.இ.எம். பேண்டோட 'எவ்ரிபடி ஹர்ட்ஸ்' கேட்டிருப்பீங்க. 1992இல் வந்த ஆல்பத்தில் இருக்கும் பாட்டு. "ஒரே அழுகாச்சி, ரொம்ப சிம்பிளான வரிகள்"னு கிண்டல் பண்றவங்க இன்னும் இருக்காங்க. அந்த எளிமைக்காகத்தான் இது இன்றைக்கும் தேவைப்படுதுன்னு ஒரு டாக்டரா நான் நினைக்கிறேன்.

2/ ஆர்.இ.எம். அமெரிக்காவில் ஜார்ஜியா மாகாணத்து ஏதென்ஸ் நகரத்துக் குழு. மைக்கேல் ஸ்டைப் எழுதும் வரிகள் பெரும்பாலும் புதிர் மாதிரி இருக்கும். ஆரம்ப ஆல்பங்களில் என்ன பாடுறார்னே புரியாது. இந்தப் பாட்டில் மட்டும் ஒவ்வொரு சொல்லும் தெளிவா விழும். டீன்ஏஜ் பிள்ளைகளுக்காக வேணும்னே அப்படி வெச்சதா கிதாரிஸ்ட் பீட்டர் பக் பின்னாடி எழுதியிருக்கார்.

3/ பாட்டு சொல்றது இவ்வளவுதான்: வலி உனக்கு மட்டும் இல்லை, இப்போதைக்குத் தாக்குப்பிடி. அறிவுரை கிடையாது.

4/ நாமும் "எல்லாருக்கும்தான் கஷ்டம்"னு சொல்றோமே? சொல்றோம். ஆனா எதுக்கு? பேச்சை முடிக்க. "இதுக்குப் போய் அழுவாங்களா"ங்கிறதுதான் அதுக்கு அர்த்தம். கேட்டவர் அதோட வாயை மூடிக்குவார். பாட்டு அதே விஷயத்தை, 'நீ தனி ஆள் இல்லை'ன்னு பக்கத்துல உட்கார்ந்து சொல்லுது.

5/ மருத்துவமும் இதைத்தான் சொல்லுது. தற்கொலை எண்ணம் உச்சத்தில் இருப்பது பலருக்குக் கொஞ்ச நேரம்தான். அந்த நேரத்தைக் கடக்க வைப்பதுதான் முதலுதவி. கவுன்சிலிங், மாத்திரை எல்லாம் அதுக்கப்புறம்.

6/ பிரிட்டனில் 'சமாரிட்டன்ஸ்' என்ற உதவி அமைப்புக்கு இது 1995லேயே புரிஞ்சது. இளம் ஆண்கள் உதவி கேட்டு வருவதில்லை. அதனால் அவங்க கொடுத்த பத்திரிகை விளம்பரத்தில் இருந்தது ரெண்டே விஷயம்: இந்தப் பாட்டின் வரிகள், ஒரு போன் நம்பர்.

7/ பாட்டோட வீடியோவையும் பாருங்க. டெக்சாஸில் ஒரு பெரிய டிராஃபிக் ஜாம். ஒவ்வொரு காரிலும் ஒருத்தர் சும்மா உட்கார்ந்திருப்பார். அவர் மனசுல ஓடுறது கீழே எழுத்தா வரும். நிஜத்தில் யாருக்கும் அப்படி சப்டைட்டில் வராது. ஓ.பி. வரிசையில் வயித்துவலின்னு நிக்கிறவர் மனசுல என்ன இருக்குன்னு கேட்டால்தான் தெரியும்.

8/ அதனால கேளுங்க. "செத்துடலாம்னு தோணுதா?"ன்னு நேராவே கேட்கலாம். கேட்டா அந்த எண்ணத்தை நாமே விதைச்ச மாதிரி ஆயிடுமோங்கிற பயம் வேண்டாம், அப்படி ஆகாது. பதில் 'ஆமா'ன்னா தனியா விடாதீங்க. வீட்டில் இருக்கும் பூச்சிமருந்து, மாத்திரைகளை அப்புறப்படுத்துங்க. உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வாங்க.

9/ ஆர்.இ.எம். 2011இல் கலைஞ்சுடுச்சு. பாட்டுக்கு இன்னும் வேலை இருக்கு. நம்பர்களையும் சேவ் பண்ணிக்கோங்க: தமிழ்நாட்டில் 104, நாடு முழுக்க டெலி மானஸ் 14416. ராத்திரி எந்நேரமும் கூப்பிடலாம்.