காந்தம் ஒட்டும் பைப்

பழைய ராணுவ ஜீப்பைத் தூக்கி நிறுத்துகிறவர்கள் பெயின்டைப் பற்றி மணிக்கணக்கில் சண்டை போடுவார்கள். பச்சை இன்னும் கொஞ்சம் மங்க வேண்டும், முன் கிரில்லில் ஒன்பது பிளவு இருந்தால்தான் யுத்தகால வண்டி, ஃபோர்டு செய்தது என்றால் போல்ட்டின் தலையில் ‘எஃப்’ முத்திரை எங்கே என்றெல்லாம் கேட்பார்கள். சைலன்சர் பேச்சு வந்தால் மட்டும், “எஸ்.எஸ்.ல போட்டுருங்கண்ணே, ஆயுசுக்கும் கவலை இல்ல” என்று பட்டறையில் சொல்லிவிட்டு டீக்கடைக்கு நடந்துவிடுவார்கள்.

1941 முதல் 1945 வரை வில்லிஸும் ஃபோர்டும் சேர்ந்து ஆறு லட்சத்துக்கும் மேல் ஜீப் செய்து தள்ளின. ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஒரே 2.2 லிட்டர் எஞ்சின், 60 குதிரைசக்தி. கீழே ஓடியது சாதாரண இரும்புப் பைப். எஸ்.எஸ். என்கிற ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் 304 ரகத்தில் சுமார் 8 சதவீதம் நிக்கல் உண்டு. 1942-இல் அமெரிக்கா தன் ஐந்து சென்ட் காசிலிருந்தே நிக்கலை உருவிப் போர் வேலைக்குத் திருப்பியது. சண்டைக்குப் போகிற ஜீப்பின் புகைக்குழாய்க்கு அதை யார் கொடுப்பார்கள்?

அசல் அப்படி என்பதற்காக நாமும் எம்.எஸ். என்கிற சாதாரண இரும்புப் பைப்தான் போட வேண்டும் என்பதில்லை. வண்டி எப்படி ஓடப்போகிறது என்பதுதான் முதல் கேள்வி. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளியே வருகிறது. பைப் சூடாக இருந்தால் ஆவி அப்படியே போய்விடும். ஷெட்டிலிருந்து எடுத்து, தெருமுனை வரை ஓட்டி, நாலு போட்டோ எடுத்துத் திரும்ப நிறுத்தினால், சைலன்சர் சூடேறுவதற்குள் எஞ்சின் அணைந்துவிடுகிறது. ஐஸ் தண்ணீர்ச் சொம்பு வெளியே வேர்ப்பதைப்போல இது உள்ளே வேர்க்கிறது. எரிபொருளில் மிச்சமிருக்கும் கந்தகமும் அந்த நீரில் கலந்து அமிலமாகிறது. மேலே கறுப்புப் பெயின்ட் பளபளக்க, உள்தகடு பொடிப்பொடியாக உதிரும். கண்காட்சி ஜீப்புகளின் சைலன்சர் சாவது பெரும்பாலும் இப்படித்தான்.

இதற்கு அலுமினியம் பூசிய இரும்பு நல்ல மருந்து. தகட்டின் இரண்டு பக்கமும் பூச்சு இருக்கும், விலையும் கட்டுபடியாகும். வெல்டிங் வைத்த இடத்தில் பூச்சு எரிந்துபோவதால் துரு அங்கேதான் தொடங்கும். வெளியே பெயின்ட் அடிக்கலாம், உள்ளே யார் கை விடுவது? ஆகவே ஜாயின்ட் குறைய வேண்டும். நீளப் பைப்பை மெஷினில் வளைத்து வாங்குவதே உத்தமம். ஜி.ஐ. என்கிற துத்தநாகம் பூசிய பைப்பைப் பற்றி யாராவது பேசினால் பட்டறையையே மாற்றிவிடுங்கள். வெல்டிங் சூட்டில் துத்தநாகப் புகை கிளம்பும், வெல்டர் ராத்திரி காய்ச்சலில் படுப்பார்.

இனி எஸ்.எஸ். நம் ஊர்ப் பட்டறைகளில் எஸ்.எஸ்.ஸுக்குப் பரீட்சை காந்தம். பாத்திரக்கடையில் படித்த பாடம் அது. ஒருமுறை 409 ரகப் பைப் ஒன்றை நீட்டினேன். மேஸ்திரி காந்தத்தை வைத்தார், டக்கென்று ஒட்டிக்கொண்டது. “டூப்ளிகேட் சார், உங்கள ஏமாத்திட்டாங்க.” 409-இல் குரோமியம் 11 சதவீதம் போல இருக்கும், நிக்கல் கிட்டத்தட்ட கிடையாது, காந்தம் ஒட்டத்தான் செய்யும் என்று சொல்லிப் பார்த்தேன். மேலாகப் பழுப்பு பூக்கும், ஓட்டை விழ நாளாகும். புதுக் கார்களின் சைலன்சர் பலவும் இந்த ரகம்தானே? அவர் முகத்தில் நம்பிக்கை தெரியவில்லை.

பளபளக்கும் 304 சூட்டில் அதிகம் நீளும். ஒரு மீட்டர் பைப்புக்கு 300 டிகிரி சூடேறினால் இரும்பு மூன்றரை மில்லிமீட்டர் நீளும். 304 ஐந்து வரை போகும். கிளாம்பை அசையவிடாமல் முறுக்கிவிட்டால் அந்த இழுப்பெல்லாம் வார்ப்பிரும்பு மேனிஃபோல்டின் தலையில் விடியும். வார்ப்பிரும்பு வளைந்து கொடுக்காது, விரிசல் விடும். எண்பது வயது மேனிஃபோல்டுக்கு மாற்று தேடுவது பைப் வாங்குவதைவிடப் பெரிய பாடு. கடற்கரை ஊர்க்காரர் உப்புக்காற்றுக்குப் பயந்து 304 போட்டால் புரிந்துகொள்வேன். தொங்கல்களில் ரப்பர் வைத்து, மேலே மங்கலான ஹீட் பெயின்டும் அடித்துவிட வேண்டும். பச்சை ஜீப்பின் அடியில் வெள்ளிப் பளபளப்பு எனக்குச் சகிக்காது.

என் கணக்கு இதுதான். ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் நன்றாக ஓடுகிற வண்டிக்கு எம்.எஸ். பைப்பே போதும். ஷெட்டும் கண்காட்சியுமாக வாழ்கிற வண்டிக்கு 409, இல்லையென்றால் அலுமினியப் பூச்சு. எதைப் போட்டாலும் சைலன்சரின் தாழ்ந்த இடத்தில் மூன்று மில்லிமீட்டர் துளை ஒன்று போடச் சொல்லுங்கள், தண்ணீர் வடிந்துவிடும். மேனிஃபோல்டு ஸ்டட்டுகளுக்குப் பித்தளை நட் வாங்குங்கள். இரும்பு நட் சூட்டில் பிடித்துக்கொண்டால், அடுத்த முறை கழற்றும்போது ஸ்டட்டும் முறிந்து கையோடு வரும்.