தண்டும் பேரிங்கின் ஒரு பாதியே

சுழலும் பால் பேரிங்கைப் பொருத்திப் பழகிய கைக்கு, நேர்கோட்டில் முன்னும் பின்னும் ஓடும் பால் பேரிங்கும் அதே இனமாகத் தோன்றுவது இயல்பு. இரண்டிலும் எஃகுக் குண்டுகளே உருள்கின்றன. ஆயினும் இரண்டையும் ஒரே முறையில் பொருத்த முற்படுவது தவறாகும். தொழிற்பயிற்சி நிலையங்களில் பின்னதைத் தனிப் பாடமாகவே கற்பித்தல் வேண்டும். அப்பாடமும் பேரிங்கிலிருந்து அன்று, தண்டிலிருந்தே தொடங்குதல் வேண்டும்.

காரணம் எளிது. சுழலும் பேரிங்கில் உள்வளையம், வெளிவளையம் என இரண்டு உண்டு. குண்டுகள் அவற்றினிடையே ஓடுகின்றன. ஷாஃப்ட் என வழங்கும் தண்டு உள்வளையத்தைத் தாங்குவதோடு சரி. நேர்கோட்டுப் பேரிங்கிலோ உள்வளையமே இல்லை. குண்டுகள் தண்டின் மேனியிலேயே உருண்டு, முனையை அடைந்ததும் திரும்பி, பாரமற்ற வேறொரு தடத்தின் வழியே புறப்பட்ட இடத்துக்கு வந்து சேர்கின்றன. ஆகவே இங்கு தண்டே உள்வளையம்.

இதனை உணராமையால் நேரும் இழப்பு சிறிதன்று. இன்டென்டில் பேரிங்கின் எண் பிழையின்றி எழுதப்படும்; தண்டோ வெறும் ‘8 மி.மீ. கம்பி’ என்று நின்றுவிடும். அவ்வாறாயின் வந்து சேர்வது சாதாரண மைல்ட் ஸ்டீல் கம்பியே. குண்டு தண்டைத் தொடுவது ஏறக்குறைய ஒரு புள்ளியில்தான். அங்கு விழும் அழுத்தத்தை மென்மையான எஃகு தாங்காது. நீளவாட்டில் தடங்கள் பதிந்து, ஓட்டம் கரகரக்கும். பழி பேரிங்கின்மேல் விழ, புதியது வாங்கப்பட்டு, அதே தண்டில் அதுவும் கெடுகிறது. துருப்பிடிக்காத எஃகென்று கூடுதல் விலை கொடுத்தாலும், கடினப்படுத்தப்படாத வகையானால் பயனில்லை. மேற்பரப்பு ராக்வெல் சி அளவில் சுமார் 60 கடினமுடையதாகவும், நுண்ணிதாய் அரைக்கப்பட்டதாகவும் இருத்தல் வேண்டும் என்பதை இன்டென்டிலேயே எழுதிவிடுவது நன்று.

அளவும் அத்தகையதே. பள்ளிகளிலுள்ள அடல் டிங்கரிங் ஆய்வகங்களில் முப்பரிமாண அச்சு யந்திரத்தை மாணவர் காண்கின்றனர். அவ்வகை யந்திரங்கள் பலவற்றில் 8 மி.மீ. துளையும், 15 மி.மீ. வெளிவிட்டமும், 24 மி.மீ. நீளமும் உடைய பேரிங் அமைந்துள்ளது. அதன் தண்டுக்குச் சிற்றெழுத்து எச்6 என்னும் பொருத்த வகுப்பு விதிக்கப்படுமாயின், விட்டம் 8 மி.மீ.ஐ மிஞ்சலாகாது, குறைவும் 9 மைக்ரானுக்குள் அடங்க வேண்டும். வெர்னியர் காலிப்பர் இதனைக் காட்டாது.

பொருத்தும்போது சுத்தியலை எட்டவே வைத்தல் வேண்டும். பேரிங்கைத் தன் இருக்கையில் கையால் தள்ளி, சர்க்ளிப்பால் நிறுத்துவதே சிறந்தது. அழுத்தியே தீரவேண்டுமாயின், துளைக்குள் நுழையும் படிவைத்த உருளையொன்றைக் கடைந்துகொண்டு, வெளிக்கூட்டின் எஃகு விளிம்பில் மட்டும் அழுத்துதல் வேண்டும். ஓரத்து சீலில் அன்று. கூட்டின்மேல் திருகாணியை நேரே முடுக்கினால் கூடு நெளிந்து குண்டுகள் இறுகும். தண்டின் முனையைச் சரித்து, பிசிறு நீக்கி, நேராகச் செலுத்துக. சாய்த்து நுழைத்தால் குண்டுகள் உதிரும். செலுத்தியபின் தண்டைச் சுழற்றிப் பார்க்கும் பழக்கமும் கூடாது. இக்குண்டுகள் நீளவாட்டில் உருளவே அமைந்தவை.

நான்கு வரிசைக் குண்டுகளுடைய பேரிங்கில், பாரம் ஒரு வரிசையின்மேல் நேராக விழாமல் இரண்டு வரிசைகளின் நடுவே விழுமாறு திருப்பி வைத்தால், நிலைப்பாரம் தாங்கும் திறன் 1.41 மடங்காகிறது. விசைகளைக் கூறுபடுத்தும் பாடத்துக்கு இதனினும் நல்ல உதாரணம் பட்டறையில் கிடைப்பது அரிது.

இரட்டைத் தண்டுகள் உள்ள இடத்தில் பொறுமையே பெரிது. முதல் தண்டை முற்றிலும் முடுக்கிவிட்டு, இரண்டாவதைத் தளர்த்தியே வைத்து, வண்டியை ஒரு கோடிக்கு ஓட்டி அங்குள்ள திருகாணியை முடுக்கி, பிறகு மறுகோடிக்கு ஓட்டி அவ்வாறே செய்தல் வேண்டும். முன்கூட்டியே இரண்டையும் முடுக்கிவிட்டு, எண்ணெய் ஊற்றிச் சரிசெய்ய நினைப்பது வீண்.

கடினத் தண்டு கிடைக்காத பள்ளிகளும் பணிமனைகளும் பல. அங்கு பால் பேரிங்கையே விடுத்து, மென்மையான தண்டுக்கு ஏற்ற வெண்கலப் புஷ்ஷைப் பொருத்துவதே முறை. ஓட்டத்தில் உராய்வு சற்று மிகும். ஆனால் தண்டு தப்பும், செலவும் குறையும்.