முதலில் அறியப்பட்டவர் முதற்காரணர் அல்லர்

கருவுற்ற பெண் ஒருவர் முதன்முறையாக மருத்துவமனைக்கு வரும்போது அவரது குருதியைப் பல சோதனைகளுக்கு உட்படுத்துகிறோம். ஹீமோகுளோபின், சர்க்கரை, குருதி வகை ஆகியவற்றோடு எச்.ஐ.வி., சிபிலிஸ், ஹெபடைடிஸ் பி ஆகிய மூன்று தொற்றுகளுக்கும் சோதனை உண்டு. தாயையும் சேயையும் ஒருங்கே காக்கும் நல்ல ஏற்பாடு இது. ஆனால் அதே நேரத்தில் அவருடைய கணவர் வெளியே விசிப்பலகையில் அமர்ந்திருப்பார். அவரிடம் குருதி எடுத்துக்கொள்ளலாமா என்று நாம் பெரும்பாலும் கேட்பதில்லை. அவரும் தாமாக முன்வருவதில்லை. இந்த ஒருபக்கச் சோதனையால் விளையும் ஓர் அநீதியைப் பற்றியும், அதனைத் தவிர்க்கும் எளிய வழியைப் பற்றியும் இவ்விதழின் வாசகர்களோடு பேச விரும்புகிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன், நான் வேறோர் ஊரில் இளம் மருத்துவராகப் பணியாற்றியபோது நிகழ்ந்தது இது. அடையாளம் தெரியாதவாறு சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். திருமணமாகி ஆறு மாதமே ஆன பெண். நான்காம் மாதக் கர்ப்பம். அவருக்குச் செய்த வி.டி.ஆர்.எல். சோதனையும், அதனை உறுதிசெய்யும் மற்றொரு சோதனையும் சிபிலிஸ் தொற்று இருப்பதைக் காட்டின. உடன் வந்திருந்த மாமியார் அருகில் நிற்கும்போதே அம்முடிவை அப்பெண்ணிடம் கூறிவிட்டேன். “டாக்டரம்மா, எங்கள் வீட்டில் யாருக்கும் இல்லாதது இவளுக்கு மட்டும் எங்கிருந்து வந்தது?” என்று கேட்டார் அந்த அம்மையார். மறுநாளே அப்பெண் தாய்வீட்டுக்கு அனுப்பப்பட்டார்.

பலமுறை சொல்லியனுப்பிய பிறகு, ஒரு மாதம் கழித்துக் கணவர் வந்தார். அவருக்கும் தொற்று இருந்தது. தனியே அமர்த்திப் பேசியபோது, திருமணத்திற்குச் சில மாதங்களுக்கு முன் தமக்கு வலியில்லாத ஒரு புண் தோன்றியதையும், மருந்துக்கடையில் ஏதோ மாத்திரை வாங்கி விழுங்கியதையும், புண் தானே ஆறிவிட்டதால் நோய் போய்விட்டதென்று நம்பியதையும் கூறினார். இருவருக்கும் சிகிச்சை அளித்தோம். குழந்தை நலமாகப் பிறந்தது. எனினும், தாம் செய்யாத தவறுக்காக ஒரு மாதம் தலைகுனிந்து வாழ்ந்த அப்பெண்ணின் முகத்தை என்னால் மறக்க இயலவில்லை. அந்த ஒரு மாதத்திற்கு என் அவசரமும் ஒரு காரணம். அன்றுமுதல் எந்தப் பரிசோதனை முடிவையும் உரியவரிடம் தனியாக மட்டுமே தெரிவிக்கிறேன்.

சோதனை எதைச் சொல்லும், எதைச் சொல்லாது?

குருதிச் சோதனை ஒருவருக்குத் தொற்று உண்டா இல்லையா என்பதைக் கூறும். யாரிடமிருந்து வந்தது, இருவரில் யாருக்கு முதலில் வந்தது என்பதைக் கூறாது. இதற்கான காரணம் நோயின் இயல்பிலேயே இருக்கிறது.

சிபிலிஸ் கிருமி உடலில் நுழைந்து ஏறத்தாழ மூன்று வாரங்களில் முதற்புண் தோன்றும்; சிலருக்குப் பத்து நாட்களிலும், சிலருக்குத் தொண்ணூறு நாட்கள் கழித்தும் தோன்றலாம். அது பெரும்பாலும் வலிப்பதில்லை. பெண்களுக்கு உட்புறத்தில் இருந்துவிட்டால் கண்ணில் படுவதுமில்லை. மருந்தே இல்லாமல் சில வாரங்களில் ஆறிவிடும். கிருமியோ உடலில் தங்கிவிடும். பின்னர் உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும்கூடத் தடிப்புகள் வரலாம். அவையும் தாமே மறையும். அதன்பிறகு பல ஆண்டுகள் எந்த அறிகுறியும் இன்றி நோய் உறங்கிக் கிடக்கும். ஆகவே இன்று கண்டறியப்பட்ட தொற்று நேற்று வந்ததாக இருக்க வேண்டியதில்லை.

கிளமிடியா தொற்று உள்ள பெண்களில் பெரும்பாலோருக்கு அறிகுறியே இருப்பதில்லை. குழந்தைப்பேறு தள்ளிப்போய்ச் சோதிக்கும்போதுதான் கருக்குழாய் அடைபட்டிருப்பது தெரியவருகிறது. எச்.ஐ.வி. தொற்றுடன் ஆண்டுக்கணக்கில் நலமாகத் தோன்றுவோர் உண்டு. மேலும், தொற்று ஏற்பட்ட தொடக்க வாரங்களில் எச்.ஐ.வி. சோதனை ‘இல்லை’ என்று காட்டக்கூடும் என்பதால், ஐயம் இருப்பின் மூன்று மாதம் கழித்து மீண்டும் சோதிக்கச் சொல்கிறோம்.

வி.டி.ஆர்.எல். சோதனையைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். சில காய்ச்சல்களிலும், மூட்டு மற்றும் தோலைத் தாக்கும் சில நோய்களிலும், சில வேளைகளில் கருவுற்ற நிலையிலும் தொற்று இல்லாமலேயே அது ‘உண்டு’ என்று காட்டலாம். அதனால்தான் உறுதிப்படுத்தும் இரண்டாவது சோதனை தேவைப்படுகிறது. முதல் தாளைக் கையில் வைத்துக்கொண்டு குடும்பத்தினர் தீர்ப்பு எழுதிவிடக் கூடாது.

நாட்டின் வரலாறும் இதையே சொல்கிறது

இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986-ஆம் ஆண்டு, நம் தமிழ்நாட்டில்தான். சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பயின்ற மாணவி நிர்மலா, தம் பேராசிரியர் சுனிதி சாலமனின் வழிகாட்டுதலில், பாலியல் தொழிலில் இருந்த பெண்களிடம் குருதி மாதிரிகளைச் சேகரித்தார். அவற்றைச் சோதிப்பதற்காக வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு எடுத்துச் சென்றார். சென்னையிலிருந்து காட்பாடி செல்லும் அந்த இருப்புப்பாதை நம் அருகிலுள்ள அரக்கோணம் வழியாகவே போகிறது. ஆறு மாதிரிகளில் தொற்று இருந்தது. நாடே அதிர்ந்தது. அப்பெண்களைப் பற்றிப் பலரும் பேசினர். அவர்களுக்கு அத்தொற்றைத் தந்த ஆண்களைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு.

சுனிதி சாலமன் 1993-இல் சென்னையில் ஒய்.ஆர்.ஜி. கேர் என்னும் சிகிச்சை மையத்தைத் தொடங்கினார். அங்குச் சிகிச்சைக்கு வந்த பெண்களைப் பற்றி 2000-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு ஓர் உண்மையை வெளிப்படுத்தியது. அவர்களுள் பெரும்பான்மையோர் இல்லத்தரசிகள். தம் கணவர் ஒருவரோடு மட்டுமே வாழ்ந்தவர்கள். ஆக, ‘ஒழுக்கமாக வாழ்ந்தால் நோய் வராது’ என்று நாம் பெண்களுக்குச் சொல்லும் அறிவுரை பாதி உண்மைதான். இருவரும் சோதித்துக்கொள்ளும்போதுதான் அது முழுமை பெறும்.

எல்லை ஊரின் தனிச்சிக்கல்

திருத்தணி இரு மாநிலங்கள் சந்திக்கும் ஊர். இங்குள்ளவர் நகரிக்கும் புத்தூருக்கும் போவதும், அங்குள்ளவர் இங்கு வருவதும் அன்றாட வழக்கம். தமிழும் தெலுங்கும் ஒரே வீட்டில் புழங்குகின்றன. இதில் ஒரு தீமையும் கலந்துவிடுகிறது. இந்நோய்களுக்கு ஆளானவர்கள், தெரிந்தவர் கண்ணில் பட்டுவிடுவோமோ என்றஞ்சி, உள்ளூர் மருத்துவமனையைத் தவிர்த்து எல்லைக்கு அப்பால் செல்கிறார்கள். அங்கிருப்பவர்கள் இங்கு வருகிறார்கள். ஒரு முறை ஊசி போட்டுக்கொண்டு மறுமுறை போகாமல் விடுகிறார்கள். ‘மேகவெட்டை’, ‘கிரந்தி’ என்று சுவரொட்டி ஒட்டி விடுதி அறையில் மருந்து விற்பவர்களிடம் பணத்தை இழப்பவர்களும் உண்டு. கணவர் ஓரிடத்திலும் மனைவி வேறிடத்திலும் பார்த்துக்கொள்வதால், இருவருக்கும் வந்திருப்பது ஒரே நோய் என்பது எந்த மருத்துவருக்கும் தெரியாமலே போகிறது.

ஒருவர் மட்டும் சிகிச்சை பெற்றால் என்ன ஆகும்? சிகிச்சை பெறாத மற்றவரிடமிருந்து அவருக்கு மீண்டும் தொற்றும். ‘மருந்து கேட்கவில்லை’ என்று எங்களிடம் வருவோரில் பலருக்கு உண்மையில் நிகழ்ந்திருப்பது இதுவே.

தேவையற்ற அச்சங்கள் சில

பால்வினை நோய்கள் உடலுறவின் மூலமே பெரும்பாலும் பரவுகின்றன. இவற்றுள் எச்.ஐ.வி., சிபிலிஸ், ஹெபடைடிஸ் பி ஆகியவை குருதி வழியாகவும், தாயிடமிருந்து சேய்க்கும் பரவக்கூடியவை. ஒன்றாக உண்பதாலோ, குளத்தில் நீராடுவதாலோ, ஒரே கழிப்பறையைப் பயன்படுத்துவதாலோ, ஆடிக்கிருத்திகைக் கூட்டத்தில் நெருக்கியடித்துப் படியேறுவதாலோ எச்.ஐ.வி. பரவாது. முடிகாணிக்கை செலுத்துவோர் மட்டும் ஒவ்வொருவருக்கும் புதிய பிளேடு கேட்டுப் பெறுவது நலம். ஹெபடைடிஸ் பி போன்றவை குருதி படிந்த பிளேடின் வழியே பரவ வாய்ப்புண்டு. ஹெபடைடிஸ் பி-க்குத் தடுப்பூசி இருக்கிறது; பிறந்த குழந்தைக்கு 24 மணி நேரத்திற்குள் அதனைப் போட வேண்டும்.

அதேபோல், வெள்ளைப்படுதல் எல்லாமே பால்வினை நோய் அன்று. சர்க்கரை நோய் உள்ள பெண்களுக்குப் பூஞ்சைத் தொற்றால் அரிப்பும் வெள்ளையும் வருவது மிகச் சாதாரணம். நோய் இன்னதென்று அறியாமலேயே பழியை ஏற்றுக்கொண்டு வாய்மூடியிருக்க வேண்டாம்.

சிகிச்சை எளிது, தாமதமே கொடிது

உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, குணப்படுத்தக்கூடிய பால்வினைத் தொற்றுகள் உலகில் நாள்தோறும் 10 லட்சத்திற்கும் மேற்பட்டோருக்குப் புதிதாக ஏற்படுகின்றன. கிளமிடியா, வெட்டை நோய், சிபிலிஸ், டிரைகோமோனியாசிஸ் ஆகிய நான்கையும் மருந்தால் முற்றிலும் குணப்படுத்தலாம். சிபிலிசுக்குப் பல பத்தாண்டுகளாக நாம் நம்பியிருக்கும் பென்சதீன் பெனிசிலின் ஊசியே இன்றும் முதன்மை மருந்து. கருவுற்ற தாய்க்கு உரிய காலத்தில் அதனைப் போட்டால் கருச்சிதைவையும், குழந்தை இறந்து பிறப்பதையும், பிறவிக் குறைபாட்டையும் தடுக்கலாம்.

எச்.ஐ.வி.-யை உடலிலிருந்து அறவே நீக்கும் மருந்து வழக்கத்தில் இல்லை. ஆனால் கூட்டு மருந்தைத் தவறாமல் உட்கொண்டால் கிருமியின் அளவு சோதனையில் தென்படாத அளவுக்குக் குறைந்துவிடும். அந்நிலையை எட்டித் தொடர்ந்து மருந்துண்பவரிடமிருந்து உடலுறவின் வழியே தொற்று பரவுவதில்லை. தாய்க்கும் சேய்க்கும் முறையாக மருந்தளித்தால், குழந்தைக்குத் தொற்றும் வாய்ப்பை நூற்றுக்கு ஐந்துக்கும் கீழே கொண்டுவர முடியும்.

அரசு மருத்துவமனைகளின் நம்பிக்கை மையங்களில் எச்.ஐ.வி. சோதனையும் ஆலோசனையும், சுகவாழ்வு மையங்களில் பால்வினை நோய்ச் சிகிச்சையும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. 1097 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணில் பெயர் சொல்லாமலே ஐயம் கேட்கலாம். 2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்புச் சட்டம், ஒருவரது இசைவின்றி எச்.ஐ.வி. சோதனை செய்வதையும், அவரது நிலையைப் பிறரிடம் வெளியிடுவதையும், அதன் பொருட்டு அவரை ஒதுக்குவதையும் தடை செய்கிறது.

என் வேண்டுகோள்

கணவன்மார்களுக்கு: மனைவியின் முதல் கர்ப்பப் பரிசோதனை நாளில் நீங்களும் கையை நீட்டுங்கள். அரை மணி நேர வேலை. முடிவு நல்லதாக இருந்தால் நிம்மதி. இல்லையெனில் மூன்று உயிர்களைக் காக்கும் வாய்ப்பு. தொற்று இருப்பது தெரிந்தால், சிகிச்சை முடிந்து மருத்துவர் சொல்லும்வரை உறவைத் தவிர்ப்பதும், அதன்பின் தேவைப்படும்போது ஆணுறை அணிவதும் உங்கள் பொறுப்பு.

மாமியார்களுக்கும் தாய்மார்களுக்கும்: மருத்துவர் உங்களைச் சற்று வெளியே இருக்கச் சொன்னால் மனம் நோகாதீர்கள். ‘எங்கிருந்து வந்தது’ என்ற கேள்வியால் யாருக்கும் நோய் குணமானதில்லை. ‘அடுத்த ஊசி எந்தத் தேதியில்’ என்று கேளுங்கள். அன்று உடன் வாருங்கள்.

என்னைப் போன்ற மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும்: பெண்ணின் முடிவை மட்டும் கையில் வைத்துக்கொண்டு பேசத் தொடங்காதிருப்போம். இருவரையும் அழைப்போம், இருவரையும் சோதிப்போம், ஒவ்வொருவரிடமும் தனித்தனியே சொல்வோம்.

ஒரு வீட்டில் இருவருக்கு நோய் இருக்கும்போது, முதலில் ஊசி குத்திப் பார்க்கப்பட்டவரே முதலில் அறியப்படுகிறார். அவர் பெரும்பாலும் பெண்ணாக இருப்பதற்குக் காரணம், அவரே முதலில் மருத்துவமனைக்கு வருகிறார் என்பதுதான். தம் குழந்தையின் நலனுக்காகக் கை நீட்டியவருக்கு நாம் தரும் பரிசு பழிச்சொல்லாக இருக்கலாகாது.