பரம்பரையின் மேல் பழி

தாம்பரத்திலும் அதைச் சூழ்ந்த புறநகர்களிலும் நடுவயதுக் கனவான்களை, "தினம் சிறிது நடக்கலாகாதா?" என்று கேட்டால், "எங்கள் வம்சவாகே அப்படி, தகப்பனாரும் நடந்தவரல்லர்" என்று பதில் வருகிறது. முன்பு தலையெழுத்தைச் சொன்னார்கள்; இப்போது மரபணுவைச் சொல்கிறார்கள்.

இதில் உண்மையே இல்லையென்று நாம் சாதிக்க வரவில்லை. ஏழு தேசங்களில் 37,051 ஜோடி இரட்டையரை ஆராய்ந்து 2006-ல் வெளியிட்ட முடிவின்படி, ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையர், தனித்தனிக் கருவாய்ப் பிறந்த இரட்டையரைக் காட்டிலும், ஓய்வுநேரத் தேகாப்பியாசத்தில் ஒருவரையொருவர் அதிகம் ஒத்திருந்தனர். பிரிட்டனில் 91,105 பேரின் மணிக்கட்டில் கருவி கட்டி ஏழு நாள் அசைவை அளந்தார்கள். 2018-ல் வெளியான அவ்வாராய்ச்சி, மனிதருக்கு மனிதர் காணும் வித்தியாசத்தில் பெண்களிடம் நூற்றுக்கு 23 பங்கும் ஆண்களிடம் 20 பங்கும் பரம்பரையைச் சார்ந்தவை என்று கணித்தது. மீதி நாலில் மூன்று பங்கிற்கு மேல் அக்கணக்கில் அடங்கவில்லை. அன்றியும், இது ஜனங்களுக்கிடையே உள்ள வித்தியாசத்தின் கணக்கேயொழிய, ஒருவனுடைய கால்களுக்குப் பிறப்பிலேயே விதித்த எல்லையன்று.

நம் சென்னையிலேயே இதற்குச் சாட்சி உண்டு. திருமங்கலம் ஏஷியாட் காலனியில் டாக்டர் வி. மோகன் குழுவினர் நீரிழிவைத் தடுக்கும் வழிகளை எடுத்துரைத்தனர். அங்கு வசிப்போர் தாமே பணம் திரட்டிப் பூங்கா அமைத்தனர். வாரத்தில் மூன்று முறைக்கு மேல் தேகாப்பியாசம் செய்வோர் நூற்றுக்கு 14.2 ஆக இருந்தது 58.7 ஆயிற்று என்று 2006-ல் பிரசுரித்தார்கள். இடையில் அக்குடும்பங்களின் மரபணு மாறிவிட்டதா? புத்திமதி கிடைத்தது, நடக்க இடமும் கிடைத்தது, மாறியது அவ்வளவே.

பிறப்பைக் காட்டிப் பேசும் வாதத்தை நாம் சந்தேகத்துடன் கேட்பதற்குப் பழைய காரணமொன்றும் உண்டு. 1881 முதல் 1885 வரை சென்னைப் பட்டாளத்தின் சேனாதிபதியாயிருந்த ராபர்ட்ஸ் துரை, தென்னாட்டார் யுத்தத்துக்கு ஏற்றவரல்லர் என்று கருதினார். 'வீர ஜாதி' என்ற அக்கொள்கையினால் நம்மவர் பட்டாளத்தில் வெகுவாகக் குறைக்கப்பட்டனர். கதவை மூடியவர்கள் பழியை நம் இரத்தத்தின் மேல் போட்டார்கள். அதே வாதத்தை இன்று நாமே நம்மீது சொல்லிக்கொள்வது வெட்கமன்றோ?

2021-ல் தாம்பரம் மாநகராட்சியாயிற்று. ஆனால் பாதசாரியின் நிலை என்ன? ஜி.எஸ்.டி. ரோட்டைக் கடக்க வேண்டிய கிழவர் வண்டிகளின் கருணையை எதிர்பார்த்து நிற்கிறார். நடைபாதை உள்ள இடங்களிலும் மோட்டார் சைக்கிளோ கடைப்பலகையோ குறுக்கிடுகிறது. உட்தெருக்களில் நடைபாதை என்பதே அபூர்வம். மழைக்காலத்தில் முடிச்சூர்ப் பக்கம் நடப்பதைப் பற்றிப் பேசாமலிருப்பதே நலம். இப்படிப்பட்ட ஊரில் ஒருவன் நடக்கவில்லையென்றால் அவன் பாட்டனாரைக் குற்றம் சொல்வது நகரசபைக்கு மிகவும் சௌகரியம்!

இந்தியாவில் நீரிழிவு உள்ளோர் 10 கோடிக்கு மேல் என்று 2023-ல் வெளியான ஆராய்ச்சி கூறிற்று. ஆதலின் இது சில சோம்பேறிகளின் சொந்த விவகாரமன்று. வார்டுதோறும் எத்தனை அடி நடைபாதை உண்டு, எத்தனை அடி ஆக்கிரமிப்பில் இருக்கிறது, ஏரிக்கரைகளில் எங்கெங்கே விளக்கில்லை என்று கணக்கெடுத்து அச்சிட்டு வெளியிடும்படி தாம்பரம் மாநகராட்சியை நாம் கேட்கிறோம். அடுத்த வரவு செலவுத் திட்டம் வருமுன் நம் ஊழியர்கள் தத்தம் வார்டு அங்கத்தினரைக் கண்டு இக்கணக்கை வற்புறுத்த வேண்டும். அவர்களைக் காணக் கால்நடையாகவே போகலாம்.